தையல் மிஷின் கொடுத்தவர்கள்

வெள்ளம் வடிந்ததும் எங்கள் ஊருக்கு முதலில் வந்து சேர்ந்தது சேறு. அதற்கடுத்து வந்தவர்கள் இரக்கப்படுகிறவர்கள். சேற்றையாவது மண்வெட்டியால் அள்ளித் தெருவில் போட முடிந்தது.

எங்கள் ஊர் தாமிரபரணி கடலுக்குப் போகிற கடைசிப் பகுதியில் இருக்கிறது. திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிக் கண்ணயர்ந்தால், தூக்கம் கலைவதற்குள் கோயில் வந்துவிடும். ஆறு, வாய்க்கால், குளம், வாழை. இவற்றை விட்டால் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. அந்த மார்கழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதில் மேலே இருந்த குளங்கள் உடைந்து, ஆற்றோடு சேர்ந்து எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டன. எங்கள் வீட்டுக்கு மாடி உண்டு. பாதித் தெரு அங்கேதான் ஒண்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கியபின் கீழே வந்து பார்த்தால், ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது; சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கோடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஊறிப் பருத்த மெத்தைகளையும் தலையணைகளையும் இழுத்துப் போட்டிருந்தார்கள். அவை நாறிய நாற்றம் பொங்கல் வரைக்கும் போகவில்லை. ஊருக்கு வெளியே வாழைத் தோட்டங்கள் சீப்பு வைத்து வாரியது போல ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

பிறகு லாரிகளில் துணி வந்தது. பொத்தான் இல்லாத சட்டை, நாடா இல்லாத பாவாடை, ஜரிகை வைத்த குழந்தைக் கவுன், ஒரு ஆண்பிள்ளைக் கோட்டு. அந்தக் கோட்டை அனுப்பிய மனிதர் யாரென்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றும் ஆசை. வீட்டில் அடைத்துக்கொண்டிருந்ததை ஒழித்துக்கட்டிவிட்டு, அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். 'உடன்பிறப்புகளுக்காக' என்று லாரியில் எழுதி ஒட்டியிருந்தது.

நான் ஒரு தனியார் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. பள்ளியின் பின்சுவர் விழுந்துவிட்டது. திறக்கும்போது சொல்லி அனுப்புவதாகவும், அதுவரை சம்பளம் கேட்கக் கூடாது என்றும் தாளாளர் சொல்லிவிட்டார். என் கணவர் கூடங்குளத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்து, உள்ளூர்ப் பெண்களிடம் பேசுவதற்கு விவரம் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று தேடியபோது நான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். மாட்டுக்கு மணி கட்டுவதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அறக்கட்டளையின் தலைவியை எல்லாரும் மேடம் என்றார்கள். கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, கழுத்தில் களிமண் பாசிமணி. ஏழைகளிடம் போகும்போது ஏழையைப் போல உடுத்த வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊர் ஏழைகள் அன்றைக்கு உடுத்தியிருந்தது மினுமினுக்கும் நைலக்ஸ் சேலை. கல்யாண மண்டபத்தில் பெண்களை உட்கார வைத்து மேடம் நெடுநேரம் பேசினார். பேரிடர் என்பது ஒரு வாய்ப்பு என்றார். வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கு முன்னால் பெண்ணைக் கட்டியெழுப்ப வேண்டும் என்றார். பெண்கள் மண்டபத்தின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் அன்று அது ஒன்றுதான் சுற்றியது.

பேசி முடித்து, முன்வரிசையில் இருந்த ஒருத்தியிடம் கேட்டார்: "உங்க கனவு என்னம்மா? வெக்கப்படாம சொல்லுங்க."

அவள் வாழைத் தோட்டங்களில் இலை அறுத்துக் கட்டுப் போடுகிறவள். விரல்களில் வாழைக்கறை ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு. அவள் எழுந்து நின்று, "கக்கூஸ் கதவு ஆத்தோட போயிட்டும்மா. சேலையக் கெட்டித் தொங்க விட்டிருக்கேன். ஒரு கதவு கெடச்சாப் போதும்" என்றாள்.

மேடம் சிரித்தார். "அதெல்லாம் பேசிக் நீட்ஸ். நான் கேக்கறது உங்களோட ட்ரீம்."

அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். கதவு கிடையாதாம், வேறு ஏதாவது சொல்லு என்றேன்.

"அப்போ அவங்களே சொல்லட்டும், நான் கேட்டுக்கிடுதேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மேடமே சொன்னார். ஆளுக்கொரு தையல் மிஷின். கனவு என்ன என்று அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மிஷின்களை ஏற்றிய லாரி மதுரையைத் தாண்டிவிட்டது என்பது எனக்கு முன்பே தெரியும். ஏன் தையல் மிஷின் என்று நான் ஒருமுறை கேட்டிருந்தேன். பெண்கள் என்றால் தையல் மிஷின்தான், கொடுப்பவர்களுக்கு அது எளிதில் புரியும் என்றார்.

எங்கள் தெருவில் ஒரு தையல்காரி இருந்தாள். புருஷன் பம்பாய்க்குப் போனவன், போனவன்தான். ஒரு முன்னறையை வாடகைக்குப் பிடித்து அதில் தைத்து, மகளை நர்சிங் படிக்க வைத்தவள். நல்லவள் என்று சொல்ல மாட்டேன். சொன்ன நாளில் ஒரு ரவிக்கையும் தந்ததில்லை. இறுக்கமாக இருக்கிறது என்றால், "துணி அப்படியேதான் இருக்கு, நீதான் பெருத்துட்ட" என்பாள். ஆனால் ஊரில் முறையாகத் தைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய மிஷின் சேற்றுக்குள் புதைந்து, எடுத்தபோது சக்கரம் அசையவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊரார் தைக்கக் கொடுத்திருந்த துணியெல்லாம் போய்விட்டது. அதற்கு வேறு அவளிடம் வந்து சண்டை போட்டார்கள்.

அவளுக்கு ஒரு மிஷின் கொடுக்க வேண்டும் என்று மேடமிடம் நான் சொன்னேன். முடியாது என்றார். ஏற்கெனவே தொழில் உள்ளவர்களுக்குத் திட்டத்தில் இடம் இல்லையாம். "அவங்க ஆல்ரெடி ஸ்கில்டு. அவங்களுக்குக் குடுத்தா நம்மால என்ன மாற்றம் வந்துதுன்னு காட்ட முடியாது" என்றார். அவர் குரலில் கொஞ்சமும் கூச்சம் இல்லை. அன்றைக்குத்தான் அந்த அம்மாள் மீது எனக்கு இருந்த கடைசி மரியாதையும் போனது.

தையல்காரியிடம் போய்ச் சொன்னேன். அவள் வாசலில் உட்கார்ந்து கத்தரிக்கோலின் துருவை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தைக்கத் தெரியும்ங்கதுக்காக எனக்கு மிஷின் கெடையாது. அப்படித்தானே?"

"அப்படித்தான் சொல்லுதாங்க."

"வெள்ளத்துல எனக்குத் தையல் மறந்துட்டுன்னு அந்த அம்மாட்ட சொல்லு" என்றாள். சிரிக்கவில்லை.

விழா நடந்தது. பந்தல், நாதஸ்வரம், வாசலை மறைக்கிற அளவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் மேடம் பெரிதாகவும், விருந்தாளியாக வந்த அதிகாரி அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் இருந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பெண்கள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் ரிப்பன் கட்டிய மிஷின். ஊசியும் நூலும் வேறொரு லாரியில் வருவதாகச் சொன்னார்கள், அது வந்து சேரவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. போட்டோ எடுப்பவர், எல்லாரும் மிதித்தால் போதும், அடியில் ஏதாவது துணியை வையுங்கள் என்றார். துணிக்கு எங்கே போவது? நிவாரணக் குவியலில் யாரும் தொடாமல் கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்து விநியோகித்தார்கள். இலை அறுக்கிறவளுக்கு அந்தக் கோட்டு கிடைத்தது.

அதிகாரி அவள் முன்னால் நின்று, "என்ன தைக்கிறீங்கம்மா?" என்று கேட்டார்.

"தெரியலய்யா. பிடிச்சுக்கிடச் சொன்னாவ" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மிஷினுக்குப் போனார். காது கேட்டிருக்கும். ஆனால் கேட்டதற்கெல்லாம் நின்று யோசித்துக்கொண்டிருந்தால் அவர் அதிகாரியாக இருக்க முடியாது.

பயிற்சி என்று ஒரு பெண் தன் ஊசி நூலோடு சில நாட்கள் வந்து கைக்குட்டைக்கு ஓரம் அடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அவளும் வரவில்லை. வேட்டி முனையில் முகம் துடைத்துக்கொள்ளும் ஊரில் கைக்குட்டையை யாருக்கு விற்பது என்று யாரும் கேட்கவில்லை. மிஷின்கள் வீட்டுக்கு வீடு அலமாரிக்குப் பதிலாக நின்றன. ஒரு வீட்டில் அதன் மேல் சாமி படம். இலை அறுக்கிறவளின் புருஷன் தன் சட்டைகளை அதில் காயப்போட்டான். அவன் அதைப் பழைய இரும்புக்காரனிடம் பேரம் பேசியதையும் நான் பார்த்தேன். தோட்டங்கள் சாய்ந்து கிடந்ததால் அவளுக்கு வேலை இல்லை. அவனுக்கு வெள்ளத்துக்கு முன்னாலும் வேலை இருந்ததில்லை. இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது.

இதற்கிடையில் ஒருநாள் டிராக்டர் வந்து தெருவில் கிடந்த மெத்தைகளை அள்ளியது. தையல்காரி கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டு மெத்தையும் போச்சுன்னா இத்தன பேரும் இப்ப எதுல படுக்காங்க?" என்று என்னிடம் கேட்டாள். வெறும் தரையில்தான் என்றேன்.

மறுநாள் காலையிலேயே வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள். இலை அறுக்கிறவள் வீட்டுக்கு அவள் போனபோது நானும் கூட இருந்தேன்.

"ஏளா, அந்தச் சட்டையெல்லாம் எடு. மிஷினத் தூக்கிட்டு எங்கூட வா."

"எனக்குத் தைக்கத் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னுதானே குடுத்தாங்க. நேராத் தச்சாப் போதும். இலக்கட்டுப் போடுதவளுக்கு ஒரு தலகாணி ஒறைக்கு நாலு பக்கம் ஓட்ட வராதா?"

வாழைத்தார் வியாபாரி ஒருவரின் கிடங்கு காலியாகக் கிடந்தது. தார் இல்லாமல் கிடங்கு எதற்கு? தையல்காரி அவரிடம் போய் நின்று, வாழை மறுபடி வெட்டுக்கு வரும் வரை கொடுங்கள் என்று கேட்டாள். அவர் இழுத்தார். அவருடைய மனைவியின் ரவிக்கை அளவெல்லாம் தனக்குத் தெரியும் என்றும், அந்த அம்மாளிடம் நேரில் பேசிக்கொள்வதாகவும் சொன்னாள். சாவி வந்துவிட்டது. மிஷின்களைப் பெண்கள் இரண்டிரண்டு பேராகச் சுமந்து கொண்டுபோய் வைத்தார்கள். நெல்லை டவுனில் அவளுக்குப் பழக்கமான கடையிலிருந்து கடனுக்கு ஊசியும் நூலும் மெத்தைத் துணியும், போடிப் பக்கத்திலிருந்து இலவம்பஞ்சும் வந்தன. மிஷின்கள் மெல்லிய துணிக்கான ரகம். தடித்த துணியைப் போட்டால் ஊசி ஒடிந்தது. ஒடிந்த ஒவ்வோர் ஊசிக்கும் அவள் மேடத்தைத் திட்டினாள். திட்டு தெரு வரை கேட்டது.

முதலில் ஊருக்குள்ளேயே தலையணை விற்றது. பிறகு அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போனது. அதன் பிறகு திருச்செந்தூர் லாட்ஜுகள் அவள் நினைவுக்கு வந்தன. அங்கேயும் கீழ்த்தளத்து அறைகளில் தண்ணீர் புகுந்திருந்தது, பக்தர்கள் வருவது நிற்கவில்லை. நான் அறக்கட்டளைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். கணக்குப் பேச ஆள் வேண்டும் என்றாள்.

கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு லாட்ஜ். அதன் முதலாளி அண்ணாச்சி கல்லாவில் விபூதிப் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் கொண்டுபோன தலையணையை அமுக்கிப் பார்த்தார், தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படாததால் வேறு பக்கமாகத் தேடினார்.

"ஆம்பளையாளு யாரும் வரலியா?"

"எதுக்கு அண்ணாச்சி?" என்றாள் தையல்காரி.

"வெல பேசணும்லா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரக் கேக்க?"

"என்னைக் கேளுங்க. இந்த டீச்சரக் கேளுங்க. ஆம்பளையாளு தைக்கல, அதான் வரல. வேணும்னா பஸ் ஸ்டாண்டுல ஒருத்தனக் கூட்டியாந்து பக்கத்துல நிறுத்துதேன். அவனுக்கு நீங்கதான் டீ வாங்கிக் குடுக்கணும்."

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. போய்விடச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கீழ்த்தளத்து அறையிலிருந்து ஒரு குடும்பம் வெளியே வந்து, தலையணையில் ஈர வாடை அடிக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்று அப்போது சத்தம் போட்டது. முருகன் சமயத்துக்கு வந்து நிற்பான் என்று பக்தர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தக் குடும்பமே போதுமாயிருந்தது. அண்ணாச்சி கீழ்த்தளம் முழுவதற்கும் தலையணை சொன்னார். பக்கத்து லாட்ஜுக்காரரிடமும் அவரே சொல்லி அனுப்பினார். தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்று அங்கே சொல்லிக்கொண்டாராம்.

பெண்கள் கையில் சனிக்கிழமை தோறும் கூலி வரத் தொடங்கியதும் ஊர் ஆண்களுக்குத் திடீரென்று கௌரவம் ஞாபகம் வந்தது. நிவாரணப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றபோது அது எங்கே போயிருந்ததோ. வாசகசாலையில் உட்கார்ந்து பேசினார்கள். கிடங்குக்கு ஒரு குழு போட வேண்டும், அதற்கு ஓர் ஆண் தலைவர் இருப்பது பாதுகாப்பு என்றார்கள். எதிலிருந்து பாதுகாப்பு என்பதை விளக்கவில்லை. இலை அறுக்கிறவளின் புருஷன் ஒருநாள் மத்தியானம் கிடங்குக்கே வந்துவிட்டான். மிஷின் தன் வீட்டுச் சாமான், எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான். தையல்காரி வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி எழுந்தாள். அவள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

"மிஷின எடுத்துட்டுப் போ. போயி நீயே தையி. சாயங்காலம் சோறு எங்கன கெடைக்கும்னும் பாத்துக்கோ."

அவன் மிஷினின் மேல் கையை வைத்தான். தூக்கப் பார்த்தான். அது தனியாளுக்குத் தூக்க வருகிற பொருள் அல்ல. சுற்றிலும் இருந்த பெண்களில் ஒருத்தி கூடக் கைகொடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. எல்லா மிஷினும் ஓடிக்கொண்டே இருந்தன. சற்று நேரம் நின்றுவிட்டு, வெயில் அதிகம் என்று சொல்லிக்கொண்டே போனான். அந்த வாரம் அவள் தன் வீட்டுக் கக்கூஸுக்குத் தகரக் கதவு போட்டாள். கொல்லனிடம் அளவு கொடுத்தது அவளேதான்.

மேடம் திரும்பி வந்தது ஆடியில். யாரோ அவருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். கேமராவோடு இரண்டு இளைஞர்கள், கூடவே பழைய ஃப்ளெக்ஸைவிடப் பெரிய ஒரு புது ஃப்ளெக்ஸ். கிடங்கின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்து, கண் கலங்கினார். உண்மையாகவே கலங்கினார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நம்ம விதைச்சது எப்படி முளைச்சிருக்கு பாருங்க" என்று என் தோளைத் தட்டினார். பிறகு தையல்காரியைக் காட்டி, இவர் எந்த பேட்ச்சில் பயிற்சி பெற்றவர் என்று கேட்டார். இவருக்குத்தான் நீங்கள் மிஷின் தர மறுத்தீர்கள் என்றேன். அவருக்கு நினைவில்லை. ஓகோ என்றார். இதைக் கதையில் சேர்க்கலாம், சுவாரசியமாக இருக்கும் என்று கேமராக்காரரிடம் சொன்னார்.

தையல்காரியைக் கேமரா முன்னால் உட்கார வைத்து, இந்தத் திட்டத்தால் உங்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்று கேட்டார்கள்.

"மிஷின் குடுத்திய. அதுவும் எனக்கில்ல, இவளுகளுக்கு. ஊசி குடுக்கல, நூல் குடுக்கல, துணி குடுக்கல, வாங்குததுக்கு ஆளும் காட்டல. இதுல ஒங்களால என்ன மாறிச்சுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

கேமராவை நிறுத்தினார்கள். மேடம் அவளிடம் பாசிட்டிவாகப் பேசும்படி கேட்டுக்கொண்டார். அவள் பஞ்சு அடைக்கிற வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். பிறகு வேறொரு பெண்ணைக் கூப்பிட்டு, எழுதி வைத்திருந்ததைச் சொல்ல வைத்தார்கள். அவள் பாவம், நன்றாகவே சொன்னாள். வெளியே புது ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்கு முன்னால் அதை அவிழ்த்துப் பஞ்சு மூட்டைகளின் மேல் போர்த்தினோம். நல்ல கனமான ஃப்ளெக்ஸ். அந்த வகையில் குறை சொல்ல முடியாது.

நான் அந்த மாதமே அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். பள்ளியையும் அதற்குள் திறந்திருந்தார்கள். தாளாளர் ஆள் அனுப்பினார். வெள்ள நஷ்டத்தைக் காரணம் காட்டிப் பழையதைவிடக் குறைந்த சம்பளம். நான் போகவில்லை. கிடங்கின் ஆர்டரையும் வரவையும் நான் பார்த்துக்கொள்கிறேன். தையல்காரியோடு வேலை செய்வது சுகமான காரியம் இல்லை. எல்லாருக்கும் முன்னால் திட்டுவாள், தான் செய்த தவற்றை ஒப்புக்கொள்ள மாட்டாள். இரண்டு பெண்கள் அவளோடு சண்டை போட்டு, தங்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொந்தமாக நைட்டி தைக்கிறார்கள். அவர்களுக்கும் நன்றாகவே ஓடுகிறது. இது அவளுக்குப் பொறுக்கவில்லை, எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

புதிதாக வைத்த வாழை இலை அறுப்புக்கு வந்தபோது தோட்டக்காரர்கள் பழைய கூலிக்கே ஆள் தேடி வந்தார்கள். வெள்ளத்தில் அடிபட்டவர்கள் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வருவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இலை அறுக்கிறவள் கிடங்கு வாசலில் நின்றபடி, தான் சொல்லுகிற கூலிக்கென்றால் விடியக்காலை மட்டும் வருவதாகவும், காலைச் சாப்பாட்டுக்கு மேல் தனக்கு வேறு சோலி இருப்பதாகவும் சொன்னாள். ஊர் கெட்டுப்போயிற்று என்று தோட்டக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஒரு வாரம் வேறு ஆள் தேடிப் பார்த்துவிட்டு அவர் திரும்பி வந்தார்.

சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் வைத்து மேடத்துக்கு விருது கொடுத்தார்கள். போட்டோ பேப்பரில் வந்திருந்தது. பேரிடருக்குப் பின் கிராமப் பெண்களைத் தொழில்முனைவோராக்கியதற்காகவாம். பின்னால் இருந்த திரையில் எங்கள் கிடங்கு தெரிந்தது. இலை அறுக்கிறவளின் பாதி முகமும். பேப்பரை அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். சந்தோஷப்படுவாளோ என்று நினைத்தேன்.

"இந்த அம்மா எந்த ஊருக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே ஆள் அடையாளம் தெரியவில்லை.

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி போன் செய்தார். கந்த சஷ்டிக்குக் கூட்டம் வரும், மெத்தை உறை எப்போது வரும் என்று கேட்டார். தையல்காரி உள்ளேயிருந்து, வெள்ளிக்கிழமை என்று சொல்லச் சொன்னாள். வெள்ளிக்கிழமை முடியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை என்று நான் சொன்னேன்.